புகையென்று கண்ட கருங்கோடு

கடலில் பிறந்து நிலத்தில் அடையும் ஞாயிற்றையே கண்டு வளர்ந்த கீழைக்கரைத் தமிழருக்கு, ராஸ் அல் கைமாவின் வைகறை கவிழ்த்து வைத்த குடம்போல் தலைகீழாய்த் தோன்றும். அங்கே கதிரவன் முதுகுப்புறத்து மலைகளின் பின்னே எழுகிறான். மரமும் புதரும் அற்று, உரித்த எலும்பென வறண்டு நிற்கும் அம்மலைகளின் நிழல் கரையைக் கடந்து, கட்டிய படகுகளைக் கடந்து, கடலின்மேல் நெடுந்தொலைவு கருநீலப் போர்வையாய்க் கிடக்க, அந்நிழலுக்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்போ முன்னதாகவே வெயில் தொட்டு உருக்கிய வெள்ளியாய் மின்னும். ஞாயிறு ஏற ஏற, வெண்துகில் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத கைகள் கரைநோக்கி இழுத்து வருவதுபோல், அவ்வொளியின் விளிம்பு மெல்ல மெல்ல அணுகி வரும். ஐப்பசித் திங்கள் அது. நான்கு திங்களாய் அடுப்பிலேற்றிய உலைபோல் கொதித்துக் கிடந்த வளைகுடா, அந்நாட்டார் சுஹைல் என அழைக்கும் அகத்தியமீன் தென்வானில் தோன்றிய நாள்தொட்டு ஆறத் தொடங்கி, காலை மணலில் பனியீரம் காணும் கூதிர்ப் பருவத்தின் வாயிலில் நின்றது. வெம்மைக்கு அஞ்சி ஆழம் தேடிப் போன மீனினம் கரையை நாடித் திரும்பவேண்டிய காலம். வடக்கே மலையடியில், கல்லைச் சுட்டு அரைத்துப் பைஞ்சுதை ஆக்கும் ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாய் நின்றன. அவை உமிழும் புகை விடியற்பொழுதில் வானைக் கருங்கோடாய்க் கீறுவது அக்கரையில் அன்றாடக் காட்சி.

நீர்விளிம்பில் கணுக்கால் நனைய நின்றிருந்தார் ராக்கப்பன். அறுபதைத் தொட்டவர், தேவிபட்டினத்துக் கரையில் பிறந்து, பள்ளிப்படியை மூன்றாண்டு மட்டுமே மிதித்து, எஞ்சிய ஆண்டுகளை எல்லாம் உப்பில் ஊறவைத்தவர். உள்ளதைச் சொல்லிவிடுவோம்: அவர் எவரையும் நம்பார். வானிலை அறிவிப்பை நம்பார். மீன்கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவியை நம்பார். சந்தையில் எடைபோடுபவனை நம்பார் என்பது சொல்லவே வேண்டா. சோற்றுக்கு உப்பிட்டாயிற்று என்று உடனிருப்பவன் சொன்னாலும், நாவில் ஒரு பருக்கை வைத்துப் பார்த்த பின்னரே கவளம் உருட்டுவார். அத்தகையவரின் சொல்லையே வேதமெனக் கொண்டவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் வியப்பு. அவர் படகின் உரிமையாளர் சயீது. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே படகில் ஏறி இறங்கிய பழக்கத்தால், தமிழைப் பேச வராவிடினும், பேசுவதைக் கேட்டுப் பொருள் அறிவார்; மறுமொழி சொல்வது தம் மொழியும் தொழிலாளர் மொழியும் கலந்த கொச்சையில்.

அந்நாட்டு ஒழுங்கின்படி, நாட்டவர் ஒருவர் உடன் ஏறாமல் அயல்நாட்டுப் பணியாளர் படகைக் கடலில் செலுத்தல் ஆகாது. சயீது வந்து கால்வைத்தால் அன்றிப் படகு அசையாது. மூன்று கூதிர்கள் வறிதே கழிந்தமையால் அவரும் தளர்ந்திருந்தார். படகை வாங்க ஒருவர் வந்திருந்தார். வாங்கினால் தம் ஆட்களையே ஏற்றுவார். முந்தைய நாள் சயீது கரைக்கு வந்து, படகின் விளிம்பைத் தடவியவாறு சொன்னது இது: "நாளை முற்பகல் பத்து மணிக்கு நகரில் கையொப்பம். விடிந்ததும் கடலைப் பார்த்துச் சொல், ராக்கப்பா. மீன் திரும்பிற்று என்றால் படகு நம்மோடு இருக்கும். இல்லையென்றால் கொடுத்துவிடுகிறேன். வேறெவர் சொல்லும் எனக்கு வேண்டா."

அந்தச் சொல்லைச் சொல்வதற்கே ராக்கப்பன் அங்கு நின்றிருந்தார். பாதத்தில் பட்ட நீர் இன்னும் சற்றே வெதுவெதுப்பாய் இருந்தது, அருகே ஓர் ஆலாப் பறவையும் இல்லை, நீரின்மேல் மீன்கொழுப்பின் எண்ணெய்ப் பூச்சு இல்லை, மீன்வாடை இல்லை. படகின் மற்றொரு பணியாளனாகிய கௌஸ் முகம்மது இரு கைகளிலும் தேநீர்க் குவளைகளோடு வந்து நின்றான். தொண்டியூரான், நாற்பது வயதினன், உண்ணும் சோற்றையும் உடுக்கும் சட்டையையும் கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கு அனுப்பாவிட்டால் உறக்கம் வாராதவன்.

"மாமா, வடக்க பாருங்க. நேத்து அந்தியிலயும் பார்த்தேன். அது பறவை."

ராக்கப்பன் தலையை அரைக்கால் திருப்பினார். வடகடலின்மேல் நீண்டு தாழ்ந்து ஒரு கருங்கோடு கிடந்தது.

"சிமெண்டுக் கம்பெனிப் புகைடா மாப்ள. சூளையப் பத்த வச்சிருக்கான்."

"புகை இம்புட்டுத் தாழவா வரும், தண்ணிய ஒட்டி?"

"கோணிச்சாக்க ஆமைன்னு சொல்லி நாலு மைலு படகத் திருப்ப வச்ச கண்ணுதானே இது."

"அந்தச் சாக்க இன்னும் எத்தன வருசம் இழுப்பீங்க?"

"நீ இங்க இருக்கிற வரைக்கும். போனப் போடு."

கௌஸ் எண்ணை அழுத்திக் கொடுத்தான். ராக்கப்பன் வளைகுடா நாடுகளில் தொழிலாளர் பழகும் கலவைமொழியில், அஞ்சல் உறைமேல் முத்திரை குத்துவதுபோல் ஒரே மூச்சில் சொன்னார்: "அர்பாப், சமக் மாஃபி. பஹர் காலி." ஐயா, மீன் இல்லை, கடல் வெறிது என்பது அதன் பொருள். "நல்லது. நீ சொன்னால் சரி" என்றார் சயீது, தொடர்பு அறுந்தது. இருபத்தாறு ஆண்டு வாழ்வும் நாலு சொல்லில் முடிந்ததென்று உணர்ந்தவராய், ராக்கப்பன் ஆறிய தேநீரைக் குடித்தார். துயரம் இருந்தது, ஆயினும் தம் கணக்குப் பிழையாது என்னும் செருக்கு அத்துயரத்துக்கும் ஒரு முதுகெலும்பாய் இருந்தது.

நாழிகை ஒன்று சென்றிருக்கும். படகின்மேல் விரித்திருந்த துணியை மடிக்கக் குனிந்தவரின் பிடரியில் மலைக்காற்று பட்டது. கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று அது. கிழக்கே பிறந்து மேற்கே செல்வது. துணியின் முனையும் மேற்கு நோக்கியே படபடத்தது. மடிப்பைக் கையில் பிடித்தபடியே அவர் அசையாது நின்றார். காற்று மேற்கே போகிறதெனில், புகையும் மேற்கேயன்றோ போகவேண்டும்? அந்தக் கருங்கோடோ கரையை ஒட்டித் தெற்கு நோக்கி, அவரை நோக்கியே, வந்துகொண்டிருந்தது. காற்றைக் காது மடலால் அளப்பவர் என்று பெயர்பெற்றவர், அன்று காலை காற்றையே கேளாமல் விட்டிருந்தார். திரும்பினார்.

கற்றறிந்த பெருமக்களே, இனிச் சொல்லப்போவதை நம்புவதும் நம்பாதொழிவதும் உங்கள் விருப்பம். வந்தவை நீர்க்காகங்கள். நூறல்ல, ஆயிரமல்ல, எண்ணத் தொடங்கிய கண் எண்ணை மறந்து போகும் அளவின. ஒரு கரிய ஆறு கடலைவிட்டு எழுந்து கடலின்மேலேயே ஓடுவதுபோல், நீர்மட்டத்துக்கு முழ உயரத்தில் இறகோடு இறகுரச வந்தன. முன்னே பறந்தவை நீரில் பாய்ந்து மறைய, பின்னே வந்தவை அவற்றைத் தாண்டி முன்னேறிப் பாய, மூழ்கியவை அலகில் வெள்ளி துடிக்க எழுந்து மீண்டும் கடைசியில் சேர, அவ்வாறு முடிவின்றி உருளும் தேர்ச்சக்கரமென அக்கூட்டம் சுழன்று வந்தது. அதன் கீழே கடல் நிறம் மாறியிருந்தது. மலைநிழலின் கருமையினும் கரியதாய், கரைநெடுக ஊர் ஒன்றின் நீளத்துக்கும் தெரு ஒன்றின் அகலத்துக்கும் சாளைமீன் கூட்டம் திரண்டிருந்தது. அதனை வெளிப்புறத்திலிருந்து நெருக்கிக் கரைக்குத் தள்ளி வந்தன பசித்த கட்டா மீன்கள். அவற்றுக்கும் அப்பால், நாணிலிருந்து விடுபட்ட அம்புகளாய், ஆள்நீள நெய்மீன்கள் நீரைக் கிழித்து எழுந்து, வில்லென வளைந்து, வீழ்ந்தன. மேலே ஆலாக்கள் வெண்பொரி இறைத்தாற்போல் பொழிந்தன. மாமழை ஓலைக் கூரையில் இறங்கும் ஓசை எழுந்தது. வானத்திலோ ஒரு முகிலும் இல்லை.

அந்த நொடியிலேயே வெயிலின் விளிம்பு அவ்விடத்தை வந்து தொட்டது. கருமை முழுதும் ஒருங்கே திரும்பி வெண்மையாயிற்று. கோடி சாளைகளின் கோடி விலாக்களும் ஒரே பக்கம் சாய்ந்து ஒளிர, கடல் தன் கண்ணைத் திறந்து கரையைப் பார்த்தது போலிருந்தது.

ராக்கப்பன் நீருக்குள் நடந்ததைத் தாம் அறியார். இடுப்பளவு நீரில் நின்றபோது, நட்டுவைத்த கழியை ஆற்றுநீர் விலகிச் செல்வதுபோல் மீன்கூட்டம் அவரை இருபுறமும் விலகிச் சென்றது. சிறுமீன்கள் தொடையில் மோதின. நீர்க்காகத்தின் இறகு ஒன்று செவியைத் தடவிற்று. அப்பறவைகளும் மீன்களும் அவரை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளாய் அவர் மீனைக் கண்டதெல்லாம் வலைக்குள்தான். துடிப்பது அடங்கி, கூடையில் வீழ்ந்து, பனிக்கட்டியில் புதைவதாகத்தான். யாரும் பிடியாதபோது அது என்னவாக இருக்கிறதென்று நின்று பார்த்ததே இல்லை. வலையும் படகும் பத்தடி பின்னால் கிடந்தன. கை இரண்டும் வெறுமையாய் இருந்தன. வாய் திறந்திருந்தது.

கரையிலிருந்து கௌசின் குரல் வந்தது. "மாமா, பத்தே நிமிசம். ஒரே வளைப்பு. யாரு பார்க்கப்போறா?"

"அர்பாப் இல்லாமப் படகத் தொடாத."

"ஒரு கூடை அள்ளுனாக்கூடப் போதும் மாமா, கொண்டுபோய்க் காட்டலாம்."

"தொடாதன்னேன்ல. சும்மா நின்னு பாரு."

நின்று பார்த்தார்கள். பின்பு ராக்கப்பன் நினைவுக்கு வந்தவராய் நேரம் கேட்டார். ஏழரை. நகரில் கையொப்பத்துக்கு இன்னும் இரண்டரை மணி இருந்தது. இங்கே அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை மறைப்பானேன்? வாய்மூடி இருந்துவிட்டால் எவர்க்கும் தெரியாது. இம்மீன்கூட்டம் தெற்கே முனை கடந்து போய்விடும், படகு கைமாறும், ராக்கப்பன் சொல் ஒருநாளும் பிழைத்ததில்லை என்னும் பெயரோடு அவர் ஊர்போய்ச் சேரலாம். அவ்வெண்ணம் வந்தது, வந்து, அவர் தொடையில் மோதிய ஒரு சிறு சாளையின் கனம்கூட இல்லாமல் விலகிப் போயிற்று. இவ்வளவு பெரிதின் நடுவே நிற்கையில் அவ்வளவு சிறிதைக் கையில் வைத்திருக்க அவர்க்கு வெட்கமாய் இருந்தது.

"போனப் போடு மாப்ள."

"என்ன சொல்லப் போறீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லப் போறேன். வேற என்னத்தச் சொல்ல?"

சயீதின் வண்டி வந்து மணலில் நின்றபோது மணி எட்டரை கடந்திருந்தது. கூட்டம் தென்முனைக்கு அப்பால் மறைந்துவிட்டது. ஏற்றநீர் ஏறிக் கரையைக் கழுவியிருந்தது. மணலில் துள்ளி விழுந்திருந்த சாளைகளை ஆலாக்கள் ஒன்றும் விடாமல் பொறுக்கியிருந்தன. கடல், இரவெல்லாம் அழுத பிள்ளை காலையில் ஒன்றும் அறியாததுபோல் கிடப்பதென, வெறுமையாய், நீலமாய், குற்றமற்றதாய்க் கிடந்தது. சயீது நெடுநேரம் அதைப் பார்த்தார். பின் கௌசைப் பார்த்தார்.

"படம் எடுத்தாயா?"

கௌஸ் தன் கையைப் பார்த்தான். கைப்பேசி அக்கையில்தான் இருந்தது. காலைமுதல் அங்கேயே இருந்தது. "மறந்துட்டேன் அர்பாப்" என்றான், திருடியவன் முகத்தோடு.

சயீதின் நரைத்த மீசை அசைந்தது. "தன் காலைச் சோற்றைப் படம்பிடிக்க மறவாதவன் இவன். இவன் மறந்தான் எனில், வந்தது சிறிதன்று" என்றார். பின்னர் ராக்கப்பன் பக்கம் திரும்பியபோது அக்குரலில் நகை இல்லை. "காலையில் இல்லை என்றாய். இப்போது வந்தது என்கிறாய். இரண்டும் உன் சொல். எதை நான் கொள்ள?"

ஈர வேட்டியோடு நின்றிருந்த ராக்கப்பன், கண்ணைத் தாழ்த்தாமலே விடை சொன்னார். "ரெண்டும் நான் சொன்னதுதான் அர்பாப். முதல்ல சொன்னது பார்க்காமச் சொன்னது. இவன் பறவைன்னான். நான் திரும்பிக்கூடச் சரியாப் பார்க்கல, புகைன்னுட்டேன். ரெண்டாவது, உள்ள நின்னு பார்த்துச் சொன்னது."

அதற்குமேல் அவரிடம் காட்ட ஒரு செதிலும் இல்லை. அத்தகைய சொல்லோடு வேறொருவன் தம் முன்னே வந்து நின்றிருப்பானாயின் அவனைச் சிரித்தே விரட்டியிருப்பார் என்பதை ராக்கப்பனே அறிவார். சயீது படகருகே சென்று, அதன் விளிம்பை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். நடந்து களைத்த ஒட்டகத்தின் கழுத்தைத் தட்டுவதுபோல் இருந்தது அது. பின்பு வாங்க இருந்தவரை அழைத்து, இக்கூதிர் கழியட்டும் என்றும், அதன்பின் பேசுவோம் என்றும் தம் மொழியில் சொன்னார். மற்றவர் எதையோ உரக்கக் கேட்பது கரைவரை கேட்டது. சயீது சொன்ன விடையை ராக்கப்பன் அறிவார். அம்மொழியில் அவர்க்குத் தெரிந்த சில சொற்களால் ஆனது அது. "என் ஆள் கண்டான்" என்றார் சயீது.

அன்று முற்பகல் மூவரும் வலையை மடித்து மறுநாளுக்கு ஏற்றினர். வெயில் முற்றிவிட்டிருந்தது. வடக்கே மீண்டும் ஒரு கருங்கோடு தோன்றிற்று. ராக்கப்பன் வலையின் மிதப்பைக் கையில் பிடித்தபடியே, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"மாப்ள, வடக்க என்னன்னு பாரு."

கௌஸ் நெற்றியில் கைவைத்து நெடிது நோக்கினான். "புகைதான் மாமா. மேக்க போகுது."

"சரி" என்றார் ராக்கப்பன். திரும்பிப் பார்க்கவில்லை, மிதப்பை மடியில் வைத்து அடுத்த முடிச்சுக்குப் போனார். ஒரு சிறு சொல்தான் அது. ஆயினும் பிறன் கண்ணை நம்பிச் சொன்ன சொல்லாய் அவர் வாயில் பிறந்தது அதுவே முதல். வடக்கே புகை மேற்கு நோக்கிக் கரைந்து கொண்டிருந்தது. கடலோ, தன்னை நம்பியவரையும் நம்பாதவரையும் வேறுபாடறியாது, யாரும் காணாத ஆழங்களில் தன் கோடி வெள்ளிகளையும் திருப்பியவாறே, மூவரின் காலடியிலும் ஒன்றுபோல் வந்து படிந்து மீண்டது.