அடுப்புக்கு ஆகாத வெள்ளைக்கல்

எங்கள் கல்லூரியில் பொறுமை இல்லாத ஆள் யார் என்று கேட்டால், பிள்ளைகள் யோசிக்காமல் என்னைத்தான் கை காட்டுவார்கள். ஜெயசுதா மேடம் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார் என்று பெயர். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சி, கல்லை மெல்ல மெல்லச் சூடாக்கி அதன் இறுக்கத்தை அளப்பது.

கொண்டைக்கடலை அளவுக்கு அறுத்த படிகக் கட்டியைச் சின்ன உலைக்குள் இரண்டு பீங்கான் குச்சிகளுக்கு நடுவில், மூலைகள் மட்டும் படும்படி நிறுத்த வேண்டும். ஒரு குச்சி வழியாக ஒலி போகும். நம் காதுக்கு எட்டாத ஒலி. கல் அதிர்வதை மறு குச்சி கேட்டுச் சொல்லும். அந்த அதிர்வுகள் கணினித் திரையில் ஊசி ஊசியாக நிற்கும். சூடேறிக் கல் இளக இளக, ஊசிகள் இடப்பக்கம் நகரும்.

கல் கொடுத்தது எங்கள் ஆய்வக உதவியாளர் வளர்மதி. கரியாலூர்க்காரி. சாமை விதைக்க உழுத நிலத்தில் கிடைத்த வெள்ளைக்கல் அது; சில இடங்களில் கண்ணாடி மாதிரி தெளிவு. விரிசல் இல்லாத கட்டிகள் மூன்றுதான் தேறின.

"இத்தயா உலையில வெக்கப் போறீங்க? எங்க மலையில அடுப்புக்கு வெள்ளக்கல்லு வெக்கவே மாட்டோங்க மேடம். படார்னு வெடிக்கும்" என்றாள் அன்றே.

நான் சிரித்தேன். முதல் கட்டி வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. முதல்வர் தனசேகரன் கூப்பிட்டு, "திங்கக்கெழம அந்த ரூம கம்ப்யூட்டர் லேபுக்குக் குடுக்கணும்மா. ஞாயித்துக்கெழம கடைசியா ஒரு தபா பாருங்க. அதுவும் வெடிச்சா காலி பண்ணிடுங்க" என்றார். என் மூன்று வருட உழைப்பு ஒரு கடலையில் வந்து நின்றது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உலையை மூட்டும்போது வளர்மதி வாசலில் நின்றாள்.

"லீவு நாள்ல நீ ஏன் வந்தே?"

"என் கல்லாச்சேங்க மேடம்."

உட்கார்ந்ததும் கேட்டாள். "போன ரெண்டு தபாவும் எப்ப வெடிச்சுது?"

"573 டிகிரி கிட்ட. அங்க போனா கல்லுக்குள்ள அணுவெல்லாம் நகர்ந்து வேற மாதிரி உக்காரும்."

"அப்ப நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இரண்டு முறையும் சூட்டை வேகமாகக் கூட்டிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"எங்க வூட்ல உமியக் குமிச்சு மூட்டம் போட்டா ரெண்டு நாளு கனிஞ்சிக்கினே கெடக்கும். ஒரு தபா அதுல வெள்ளக்கல்லு ஒண்ணு மாட்டிக்கிச்சு. சாம்பலத் தள்ளிப் பாத்தா முழுசா கெடந்துச்சு. திடுதிப்புனு எரியற அடுப்புலதாங்க வெடிக்கும்."

புத்தகத்தில் இல்லாத விஷயம் இல்லை. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் என் அவசரபுத்தி குறுக்கே நின்றிருக்கிறது. எழுந்து, சூட்டுக் குமிழை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

"540 தாண்டினதும் மூணு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. நானே கேட்டாலும் கூட்டாதே."

565-இல் கேட்டேன். "மாட்டேங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

570-க்கு மேல் ஊசிகள் இடப்பக்கம் ஓடத் தொடங்கின. 572-இல் குட்டையாகின. 573. திரை வெறுமையாகிவிட்டது.

"போச்சு" என்றேன்.

"சத்தமே வரலியே மேடம்."

மூன்று நிமிடம் போனது. இன்னும் மூன்று. திரையின் ஓரத்தில் ஒரு ஊசி எழுந்தது. பிறகு இன்னொன்று, பிறகு மொத்தக் கூட்டமும். எல்லாம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

எழுந்து நின்றுவிட்டேன். சூடு ஏறுகிறது, கல் இறுகுகிறது. பத்து வருடமாகப் பாடம் நடத்தியவள்தான். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமை வயலில் மண்ணோடு மண்ணாகக் கிடந்த கல், தனக்குள் இருந்த அத்தனை அணுவையும் இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. அதற்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவள் என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதேன்.

வளர்மதி உலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள யாரோ எழுந்து உக்காந்த மாரி இருக்குதுங்க" என்றாள் மெதுவாக.

வந்த வழியே அதே நிதானத்தில் சூட்டை இறக்கினோம். ஐந்து மணி பஸ் போயே போய்விட்டது.

திங்கள் காலை உலை ஆறியிருந்தது. ஊசிகள் ஞாயிறு காலை எங்கே நின்றனவோ அங்கேயே நின்றன. சாவி கேட்டு முதல்வர் வந்தார். வளர்மதி கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுக்கு ஒண்ணுமே ஆகலியே?"

"அதாங்க சார்" என்றாள் வளர்மதி.

நான் வரைபடத்தை நீட்டினேன்: சரிந்து, மறைந்து, ஏறும் கோடுகள். அவர் தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கம்ப்யூட்டர் லேபுக்கு மாடியில் இடம் பார்க்கிறேன் என்றார். கல்லை மட்டும் கையை விட்டு இறக்கவே இல்லை.