கடைசி பெஞ்சின் புருவம்

மாவட்ட நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. நியமன உத்தரவில் ‘நியாயமான சாதாரண மனிதர், ஒரு பணியிடம்’ என்று இருக்கிறது.

நீதிபதிக்கும் வழக்குக்கும் ஏதாவது தொடர்பு இருந்தால் என் இடது புருவம் உயரும். அரை அங்குலம் உயர்ந்தால் அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட வேண்டும். அவர் உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்வாரா என்பது கேள்வி இல்லை. சாய்வார் என்று கடைசி பெஞ்சுக்குத் தோன்றுமா என்பதுதான் கேள்வி. அற்பக் காரணத்துக்குப் புருவத்தை உயர்த்தவும் கூடாது. அப்புறம் வழக்கைக் கேட்க ஆள் மிஞ்சாது.

கோமளவல்லியின் வழக்கு பதினோரு வருடமாக நடக்கிறது. அவர் வீட்டு ஜன்னல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில் வெளிச்சம் இல்லை. ஜன்னல் இப்போது சாட்சிக் கூண்டில், போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஏழு நீதிபதிகள் விலகிவிட்டார்கள். ஒருவர் சிறுவயதில் அந்த ஜன்னல் வழியாக மழை பார்த்தவர். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரின் சகலை. பக்கவாட்டு அறையில், இருட்டில், தடவித் தடவி ஏழு பேரும் கேரம் ஆடுகிறார்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நல்லவர்கள். அதனால்தான் அங்கே இருக்கிறார்கள்.

எட்டாவது நீதிபதி தங்கையா நேற்றுதான் பார்சலில் வந்து இறங்கினார். ஊரில் யாரையும் தெரியாது. இன்று அவர் வழக்கை எடுத்ததும் என் புருவம் உயர்ந்தது.

“யாரைப் பார்த்து உயருது?” என்றார்.

தடவிப் பார்த்தேன். “என்னைப் பார்த்துதான் ஐயா.”

“காரணம்?”

“இந்தம்மா வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் புளியோதரை தருவாங்க.”

கோமளவல்லி திரும்பினார். “மிஞ்சினதைத்தானே தம்பி குடுத்தேன்.”

“அப்பளமும் இருந்துச்சும்மா.”

“அதையுமா சொல்லணும்?”

“நானும் பதினோரு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கூரையைப் பார்த்தபடி.

என் இடத்துக்குப் புது ஆள் போடப் பத்தொன்பது வருடம் ஆகும். கோமளவல்லிக்கு அது தெரியும். “நீ போயிட்டா நான் எப்போ வெளிச்சத்தைப் பாக்கிறது?” என்றார்.

ஆனாலும் எழுந்து நின்றேன்.

“இவங்க புளியோதரையைச் சாப்பிடாதவங்க இங்க யாராவது இருக்கீங்களா?” என்றார் நீதிபதி.

மொத்த ஹாலும் தலைகுனிந்தது.

“நான் சாப்பிட்டதில்ல.” குரல் மேலிருந்து வந்தது. ஏணியில் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சிக்கந்தர்.

“இவங்களைத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பக்கத்து வீட்டுக்காரரை?”

“ஃபேனைத்தான் தெரியும்.”

“அது யார் பக்கம் காத்தடிக்கும்?”

“சுத்தினா எல்லாப் பக்கமும்.”

“இறங்குங்க.”

அவருக்கு வேலையை விளக்கினேன். இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார். என் இடது புருவத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை என்றார். அது அசையவில்லை.

நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

“எட்டாவது ஆளா?” என்றது இருட்டு.

“நான் நீதிபதி இல்லீங்க.”

“விலகினீங்கல்ல? உக்காருங்க.”

நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வெளியே கோமளவல்லியின் பெயரைக் கூப்பிட்டார்கள். போர்வையை உருவும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்து தரையில் படுத்தது.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கேரம் போர்டை மட்டும் எட்டுப் பேரும் பிடித்து அதன் பக்கம் நகர்த்தினோம்.