என் பெயரில் நாலு லைன்

இந்தக் காலத்துப் பெடியளிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ஒருத்தனும் நேரே பதில் சொல்லமாட்டான். 'கொம்பியூட்டர்' என்பான். அதோடு கேட்டவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்காபரோவில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழ் அறையில், அலெக்ஸாண்டர் இருந்தான். எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பெடியன், அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. தன் பெயருக்கு ரெலிபோன் தரமாட்டார்களாம், ஊருக்குக் கோல் எடுத்துக் கொடுக்கிற பிஸ்னஸ் தொடங்கப் போகிறானாம் என்று சொல்லி, நாலு லைனை என் பெயரில் எடுத்தான். ஒருத்தருக்கொருத்தர் பெயர் கொடுத்துத்தானே நாங்கள் எல்லோரும் இங்கே கால் ஊன்றியது. கையெழுத்து வைத்தேன். ஆனால் கோல் எடுக்க ஒரு சனமும் வரவில்லை.

ஒருநாள் கீழே இறங்கியபோது கொம்பியூட்டரில் ஒரு படம் மேலிருந்து கோடு கோடாக வந்துகொண்டிருந்தது. முதலில் மஞ்சள் தலைமயிர், பிறகு நெற்றி, கண், வாய். கழுத்து வந்ததும் அவன் பட்டென்று திரையை அணைத்தான். பொம்பிளை பார்க்கிறான், வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். ஊரில் இருக்கும் என் மனுசி பேர்ணடெற்றுக்கு, 'அலெக்ஸாண்டர் வெள்ளைக்காரியைக் கட்டப்போகிறான், தாயிடம் பக்குவமாகச் சொல்லு' என்று கடிதமும் போட்டேன்.

தொண்ணூற்றெட்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரீவியில் ஒரு கொலைப் படம் போட்டார்கள். கொம்பியூட்டரில் நிர்வாணப் படம் விற்கிறவர்களின் கதை. என் அரைகுறை இங்கிலீசுக்கே அது உதவாத படம் என்று விளங்கியது. எந்த நேரமும் துவக்குச் சூடும் கார் ஓட்டமும். ஒருத்தன்கூடக் குந்தியிருந்து வேலை செய்யவில்லை. கொலைகாரன் யார் என்று முதல் விளம்பரத்துக்கு முன்னரே தெரிந்துவிட்டது. நிற்பாட்ட எழும்பினேன். அப்போது படத்துக்குள் இருந்த கொம்பியூட்டரில் ஒருத்தி கோடு கோடாக இறங்கினாள். தலைமயிர், நெற்றி, கண், வாய். கழுத்தில் நிற்கவில்லை.

எழும்பினவன் அப்படியே இருந்துவிட்டேன். அடுத்ததாகப் பொலிஸ் ரெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டு போய், அது யார் பெயரில் இருந்ததோ அவன் வீட்டுக் கதவை உடைத்தது.

பேர்ணடெற்றை இங்கே எடுப்பிக்கிற ஸ்பொன்சர் அலுவல் நாலு வருடமாக இழுபடுகிறது. வருகிற வியாழக்கிழமை இமிக்கிரேசனில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பெயரில் ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் அவள் வந்து சேர்ந்த மாதிரித்தான்.

கீழே போனேன். நாலு லைனிலும் நாலு கொம்பியூட்டர் ஓடிய சூட்டில் பேஸ்மென்ற் அடுப்படி மாதிரிக் கொதித்தது. அலெக்ஸாண்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. படங்கள் அமெரிக்காவில் இருக்கும் முதலாளியுடையவையாம். பார்க்கிற ஆம்பிளைகள் எழுதும் கடிதங்களுக்கு அந்தப் பெண் எழுதுவது போலப் பதில் எழுதுவதுதான் இவன் வேலையாம். முதலாளியை ஒருநாளும் கண்டதில்லையாம்.

"அப்ப உனக்குக் கலியாணம் இல்லையோ?"

"ஒரு நாளைக்கு நாப்பது பேர் என்னைக் கலியாணம் கேக்கினம், அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொலிஸ் கதவை உடைத்ததைச் சொன்னேன்.

"உது குப்பைப் படம், அங்கிள். உதைப் பாத்தோ பயப்பிடுறியள்?"

"குப்பைதான். ஆனா பொலிஸ் வந்தா ஆரின்ர பேரைச் சொல்லிக் கேப்பாங்கள்? என்ர பேரையோ, உன்ர பேரையோ?"



"புதன்கிழமைக்குள்ள நாலு லைனையும் வெட்டுவிக்கிறன். மாதாவாணை."

மாதாவை இதற்குள் இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏறி வந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டேன்.

வெளியே முழங்கால் அளவு பனி. வளவு முழுக்க வெள்ளை. பேஸ்மென்ற் ஜன்னலடியில் மட்டும் உள்ளே இருந்து வந்த சூட்டில் பனி உருகி, கறுத்த மண்ணும் போன வருடப் புல்லும் தெரிந்தன. உள்ளே என்னவோ ஓடுகிறது என்று றோட்டால் போகிற எவனுக்கும் தெரியும். பனி தள்ளுகிற சவளை எடுத்து, பக்கத்துப் பனியை அள்ளி அந்த இடத்தை மூடினேன். மேலே தட்டிச் சமப்படுத்தினேன்.

கேற்றடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஏற்கனவே ஈரம் ஊறிப் பள்ளம் விழத் தொடங்கியிருந்தது. புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடந்தது. சவளை வேலியில் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.