மாத்திரை போட்டுப் போன காலை

"மார்ச் 12. டாக்டரிடம் போகும் முன் வழக்கம்போல் மாத்திரை கொடுத்துவிட்டேன். சிறு தவறு."

டைரியில் இப்படி எழுதியதும் இவள் 'சிறு' என்பதை அடித்தாள். மாலை வகுப்புக்குக் கொண்டுபோன பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

அக்கா மகளுக்கு எட்டு வயது. வீட்டில் பம்பரம் என்றுதான் பெயர். பழைய ஊரில், ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று ஆசிரியை சொன்னதை வைத்தே டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். அவரிடம் ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அக்காவுக்கு மாற்றலாகி வந்த இந்த ஊரில் கதையே வேறு. பழைய சீட்டு செல்லாது, முதலிலிருந்து பார்க்க வேண்டும், மாத்திரை போடாமல் கூட்டி வாருங்கள் என்றார்கள். போனில் அதைக் கேட்டுக்கொண்டவள் இவள். காலையில் கைப்பழக்கத்தில் கொடுத்தவளும் இவள்தான்.

புது டாக்டர் முன்னால் பம்பரம் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது.

"மாத்திரை இல்லாமலே இப்படி உட்கார்றாளே! இவளுக்கு எதுக்கும்மா மாத்திரை?" என்றார் டாக்டர்.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா இவள் கையை இறுகப் பிடித்தாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. இவள் வாய் மூடிக்கொண்டது.

வெளியே வந்ததும் அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "பார்த்தியாடி! அந்த ஊர்ல முத்திரை குத்தினாங்க, இந்த ஊர்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. பஸ் ஏறினா வியாதி இறங்கிடும் போல!"

இப்போது பம்பரம் வீட்டுப்பாடத்தோடு நாற்காலியில் ஏறியது, இறங்கியது, மேசைக்கடியில் போய் வந்தது.

"சித்தி, கணக்கு பாதியிலேயே ஓடிப்போயிடுது. நாளைக்கு மாத்திரை உண்டுதானே?"

"அம்மா என்ன சொன்னா?"

"இனிமே வேணாமாம். ஆனா எனக்கு வேணும் சித்தி."

இவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். வாசலில் நின்றாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"அக்கா, காலையில நான் அவளுக்கு மாத்திரை கொடுத்துட்டேன்."

பாத்திரம் தேய்த்த கை நின்றது. "அப்போ அவ உட்கார்ந்தது?"

"மாத்திரைதான்."

"அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!"

"நீ கையைப் பிடிச்சே."

"ஒரு நாள் நிம்மதியா இருந்தேன். அது பொறுக்கலையா உனக்கு?"

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. அக்கா குழாயை மூடினாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். ஆனா நீதான் பேசணும். எனக்கு வாய் வராது."

இவள் வந்து எழுதினாள்:

"நாளை: மாத்திரை கொடுக்கக் கூடாது. மருத்துவமனை திறந்ததும் பம்பரத்தைக் கூட்டிப் போய், இன்று நடந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்."