ஆறும் தகடு

அக்டோபர் 14. நேற்று மாலை வெல்டிங் வகுப்பில் தகட்டை அதிகம் சூடாக்கி ஓட்டை போட்டுவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டு ரோண்டா முற்றத்துக்கு வந்தாள். பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் டுவைட் பழைய காரைப் பந்தயத்துக்காக மாற்றிக் கட்டிய ஹாட் ராட் வண்டியிலிருந்து கழற்றிய இரும்பு மேற்கூடு ஒரு பக்கம் கிடந்தது. போன வருடம் வறண்ட ஏரியில் நடந்த பந்தயத்தில் அதோடு கவிழ்ந்துதான் அவன் செத்தான். மறுபக்கம் அதே வடிவில் ஒரு புது ஃபைபர் கூடு. அண்ணனின் கூட்டாளி ஆர்வில் கொண்டுவந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் எதை ஏற்றுவது என்று அவள் இன்று சொல்லியாக வேண்டும்.

"ஃபைபரைப் போடு, ரோண்டா. துரு கிடையாது, எடையும் பாதிதான். ஓட்டை போடுற கையை வச்சுக்கிட்டு நீ இந்தக் கூரையை நிமித்தப்போறியாக்கும்!" என்றான் ஆர்வில்.

நசுங்கிய இரும்புக் கூரை டக், டக்கென்றது. பந்தயத்துக்குக் கிளம்பும் முன் டுவைட் அந்தக் கூரையை விரலால் தட்டுவது அப்படித்தான்.

"சூடு ஆறுது, தகடு சுருங்குது. வேற ஒண்ணுமில்ல," என்றான் ஆர்வில். ஆனாலும் குரல் தாழ்ந்திருந்தது.

அவளுக்கும் அது தெரியும். ஃபைபர் கூரையில் காதை வைத்துப் பார்த்தாள். அதுவும் அதே வெயிலில்தான் காய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

"இந்த ஃபைபரை நீயே எடுத்துட்டுப் போயிரு, ஆர்வில்."

இரவு நாட்குறிப்பில் இன்னொரு வரி சேர்த்தாள். நாளை: இரும்புக் கூரையின் பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எடுக்க வேண்டும்.