பூசணியின் இடுப்பளவு

ஊசிக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. தங்கையின் ஈரலில் ஒரு துண்டை வெட்டி வைத்தால் பிழைப்பான் என்றார் டாக்டர். ரத்தம் பொருந்தியது, மனசும் பொருந்தியது. குறுக்கே நின்றது கொழுப்பு. தங்கையின் ஈரல் முழுக்கக் கொழுப்பாம். எடை குறைந்தால்தான் கத்தி வைப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் தையல்காரன், ஒல்லி, அதனால் ஊசி. தங்கை பூசணி. சின்ன வயதில் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொண்ட பெயர்கள். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே பானையில் தின்று வளர்ந்தவர்கள்தான். அவன் மலையைத் தின்றாலும் எலும்பு தெரியும். இவளுக்குப் பச்சைத் தண்ணீரும் உடம்பில் ஒட்டும். இதில் யார் புண்ணியம் செய்தார், யார் பாவம் செய்தார்?

“அண்ணன் உசிர விட நாக்கு பெருசாப் போச்சாடி உனக்கு?” என்று அம்மா தினமும் கேட்டாள். நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசும். பூசணிக்கு வேலை ரொட்டிக்கடையில், மாவு பிசைவது. நாளெல்லாம் சூடான ரொட்டி வாசனையில் நின்றுவிட்டு, அவித்த காயைத் தின்று, பஸ் ஏறாமல் நடந்தே வீடு வருவாள். எடை கொஞ்சம் இறங்கும், மறுபடி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அவித்த காயையும் நிறுத்தினாள். ஒரு நாள் மாவு பிசையும் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். பக்கத்தில் நின்றவள் சுவிட்சை அணைத்ததால் கை தப்பியது.

அதற்கப்புறம்தான் அதிசயம். வேலைக்குப் போடும் கால்சட்டை லூசாக ஆரம்பித்தது. அதைத் தேய்த்து மடித்து வைப்பது ஊசி. அவனால் அப்போது முடிந்த வேலை அது ஒன்றுதான்.

“இடுப்புல ரெண்டு விரல் போகுது பாரு, பூசணி. இனிமே ரெண்டு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது.”

அவள் நம்பினாள், சாப்பிட்டாள். மருந்துக்கடை எடை மெஷினில் ஏறி அவமானப்பட்டது போதுமென்று அந்தப் பக்கமே போகவில்லை.

ஆஸ்பத்திரி மெஷினில் முள் பழைய இடத்துக்கே ஓடியது. டாக்டர் மறுபடி ஏறச் சொன்னார். அதே இடம்.

“இது வெறும் வைராக்கியத்துல நடக்கிற காரியம் இல்லம்மா. சில உடம்பு லேசுல விட்டுக்குடுக்காது. மருந்து குடுத்துப் பார்க்கலாம். ஆனா உங்க அண்ணன் அதுவரைக்கும்...” என்று நிறுத்திக்கொண்டார். கூட வந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினாள். இடுப்போரம் பிரித்துவிட்ட பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே மடிந்திருந்த துணியெல்லாம் வெளியே வந்திருந்தது. அதை அப்படியே அண்ணன் மடியில் போட்டாள்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்க. நீ துணியில மறைச்சிருக்க.”

ஊசி தலை நிமிரவில்லை. “எளைச்சிட்டோம்னு நெனைச்சாலாவது சாப்பிடுவியேன்னுதான்.”

“போறது உன் உசிருண்ணா.”

“மெஷின்ல விழுந்தது என் உசிரா?”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள். “பழைய அளவுக்கே பிடிச்சுக் குடு.”

இந்தத் தடவை அவனால் நூல் கோக்க முடியவில்லை. அவளே கோத்துக் கொடுத்தாள்.

“ஒரு விரல் விட்டுத் தைக்கட்டுமா?”

“வேணாம்,” என்றாள் பூசணி. “நெசம் எவ்வளவோ, அவ்வளவே தை.”