பலகைக்கு ஒரு சொல்

1

இந்தக் கதை எழுத்துப்பிழையில் பிறக்கவில்லை. பிழையே இல்லாத ஒரு சொல்லில் பிறந்தது. அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

ஆம்பூரில் தையல் கடைக்கு மேலே எழிலரசி ஓர் அறை பிடித்தாள். பேச்சு நின்றுபோன புருஷன் பெண்டாட்டியை மறுபடி பேச வைப்பது அவள் தொழில். மாடிப்படியில் மாட்டும் பலகைக்கு என்ன எழுதலாம் என்று கதை எழுதுகிற என்னிடம் கேட்டாள். ‘குடும்ப நல ஆலோசகர்’ என்றேன், பெருமையாக.

2

அவள் பின்னணி: ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங், தபால் வழியில் உளவியல் எம்.எஸ்சி., பிறகு வேலூரில் இரண்டு வருடப் பயிற்சி.

(இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் ஜோடி பார்த்த அதே கண்கள்தான் இன்று தம்பதிகளை... வேண்டாம். படித்துக் காட்டியதும், “தோலு வேற, மனுசன் வேற. அந்த வரிய அடிச்சிடுங்க” என்றாள். அடித்துவிட்டேன். உங்கள் கண்ணில் பட்டால் நான் பொறுப்பில்லை.)

3

முதல் வாரம் மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் கேட்டது கருத்தடை ஆபரேஷன். அரசாங்கச் சுவர்களில் குடும்ப நலம் என்றால் அதுதானே! எழிலரசி சிரித்துக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினாள்.

நான்காவதாக வந்தவள் அம்பிகா. அவளும் புருஷன் புகழேந்தியும் பேசி எட்டு மாதம். ஒரே வீட்டுக்குள் ‘சோறு ரெடி’ என்று வாட்ஸ்அப் போகும். பிரிய இருவருக்குமே மனமில்லை. அடுத்த சனிக்கிழமை அவனையும் கெஞ்சிக் கூட்டி வந்தாள். பாதிப் படியில் அவன் பலகையைப் படித்தான்.

“இன்னா இது, கோர்ட்டு பேரு போட்டிருக்கு? டைவர்ஸ் வாங்கத்தான் கூட்டினு வந்தியா?”

விவாகரத்துக்குப் போகிற இடத்துக்கும் குடும்ப நல நீதிமன்றம் என்றுதான் பெயர். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே அவன் திமிரி ஊரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

4

முடிவு அ: புகழேந்தி மனம் மாறித் திரும்ப, இருவரும் கண்ணீரோடு... (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: எழிலரசி அறையைப் பூட்டிவிட்டு மறுபடி ஷூ கம்பெனிக்கு...

இந்த இடத்தில் அவள் பேனாவையே பிடுங்கிக்கொண்டாள். “நான் எதுக்குப் பூட்டணும்? தப்பு உங்க சொல்லுல.”

வெட்கமாக இருந்தது. அவள் ஏணி வைத்து ஏறி, என் சொல்லை டர்பன்டைன் போட்டுத் துடைத்தாள்.

5

இன்று அம்பிகா போன் செய்தாள். நாளைக்கு இன்னொரு தரம் வர அவன் சம்மதித்துவிட்டான். ஒன்றுதான் கேட்டிருக்கிறான்: “எங்க போறேன்னு எங்கம்மா கேட்டா இன்னான்னு சொல்றது?”

‘மனநலம்’ என்றால் பைத்தியமா என்பார்கள். ‘கவுன்சிலிங்’ என்றால் இன்ஜினியரிங் சீட்டா என்பார்கள். ‘தம்பதியர் ஆலோசனை’யா? பிள்ளையில்லாதவர்கள் போகிற இடமாகிவிடும்.

எழிலரசி பிரஷ்ஷோடு ஏணிமேல் நிற்கிறாள். சொல் கிடைக்காமல் இறங்க மாட்டாளாம். என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. உங்களிடம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டாம். புகழேந்தி தன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஏற முடிந்தால் போதும்.